கரண்ட் அடுப்பு லேசா "சுர்"ருங்குதா? அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்போ, காயில் வெச்ச கரண்ட் அடுப்போ இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. இல்லாதவங்களும் படிக்கலாம். ஹாஸ்டல்லயோ ரூம் எடுத்தோ தங்கி சமைச்சுச் சாப்பிடற பிள்ளை ஒண்ணாவது உங்க சொந்தத்துல இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நைட் டியூட்டி. (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரவு எட்டரை மணி இருக்கும். கேஷுவாலிட்டி வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நாற்பது வயதை ஒட்டிய ஒரு அம்மாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"கரண்ட் அடிச்சிடுச்சு மேடம், மயக்கமா இருக்கு."

மயக்கம் இல்லை. கழுத்தில் கை வைத்தேன், துடிப்பு இல்லை. மூச்சு இல்லை. உடனே சிபிஆர் ஆரம்பித்தோம். மானிட்டரை மாட்டினால் கோடு தட்டையாக ஓடுகிறது. நானும் ஸ்டாஃப் நர்ஸும் ஹாஸ்பிடல் ஒர்க்கர் அண்ணனும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். நாற்பது நிமிஷம். அந்த உயிர் திரும்பவில்லை.

பிறகுதான் காயத்தைத் தேடினேன். வலது உள்ளங்கையில் மிளகு அளவு ஒரு வெளுத்த குழி. இடது கால் பெருவிரலில் இன்னொன்று. அவ்வளவுதான். கரண்ட் உள்ளே போன வழி ஒன்று, வெளியே போன வழி ஒன்று.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பத்து நாளா சுர்ருங்குது, சுர்ருங்குதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா மேடம். ஞாயித்துக்கிழமை ஆள கூட்டியாறேன்னு சொல்லியிருந்தேன்."

ஏஆர் என்ட்ரி போட்டு, போலீஸுக்கு இன்டிமேஷன் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். டீ வந்தது. குடிக்க முடியவில்லை.

ஏன்னா அதே வார்த்தையை ஒரு மாசமா எங்கம்மா ஃபோன்ல சொல்லிட்டிருந்தாங்க.

"இண்டக்‌ஷன் அடுப்புல பாத்திரத்தத் தொட்டா லேசா சுர்ருங்குது பாப்பா."

அதுக்கு நான் சொன்ன பதில்: "ஈரக்கையோட தொடாதம்மா."

எம்பிபிஎஸ் படிச்ச பொண்ணு சொன்ன வைத்தியம் அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். மாத்திரை சாப்பிட்டியா, சுகர் பார்த்தியா.

மணி பன்னிரண்டரை. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ம்மா, எந்திரிச்சுப் போயி அடுப்பு சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ப்ளக்கைக் கழட்டு."

"இந்நேரத்துலயா? காலைல கழட்டுறேன்டி."

"இப்பவே போ. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் இல்லை, வெறுங்காலில்தான் நடந்து போனார்கள். எனக்கு அதுவும் கேட்டது.

"கழட்டிட்டேன். நீ சாப்ட்டியா?"

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

கேஸ் வாங்கக் கட்டுப்படியாகல, வாடகை வீட்டுக்கு கனெக்‌ஷன் மாத்தல, சிலிண்டர்னா பயம், எப்படியும் முதல் 100 யூனிட் இலவசம்தானே. இப்படிப் பல காரணத்தால கரண்ட் அடுப்பு நம்ம வீடுகளுக்குள்ள வந்துடுச்சு. அது தப்பே இல்ல. தீ இல்ல, புகை இல்ல, கேஸ் லீக் இல்ல. நுரையீரலுக்கு விறகடுப்பைவிட ஆயிரம் மடங்கு நல்லது. நானும் அதுலதான் சமைக்கிறேன்.

பிரச்சினை என்னன்னா, அடுப்பு மட்டும்தான் புதுசு. அதைச் சொருகுற சுவர் பழசு.

ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். லைட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர் தாங்குவதற்காகச் செய்தது. அதில் இந்த அடுப்பைச் சொருகினால் உடனே ஒன்றும் ஆகாது. தினமும் கொஞ்சம் சூடாகும். ப்ளக் பழுப்பாகும். ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாசம் வரும். பெரிய பின் சின்ன ஓட்டைக்குள் போகவில்லை என்று கன்வெர்ஷன் ப்ளக் வாங்கி மாட்டுகிறோம் பாருங்கள், அந்தப் பின் பெரிதாக இருப்பதே "இங்கே என்னைச் சொருகாதே" என்று சொல்வதற்குத்தான்.

அடுத்தது எர்த்.

மூணு பின்ல மேல இருக்கிற தடியான பின்தான் எர்த். அடுப்புக்குள்ள ஏதாவது ஒரு ஒயர் விட்டுப்போய் இரும்பு உடம்பைத் தொட்டுச்சுன்னா, அந்தக் கரண்ட் மண்ணுக்குள்ள போறதுக்கான ரோடு அது. அந்த ரோடு இல்லன்னா கரண்ட் காத்திருக்கும். யாராவது ஒருத்தர் வெறுங்காலோட, ஈரத்தரையில நின்னு தொடற வரைக்கும்.

அந்த அம்மா வீட்டில் இருந்தது இண்டக்‌ஷன் இல்லை. காயில் சிவப்பாகப் பழுக்கும் பழைய வகை. தகர உடம்பு. ஒயர் ஒருமுறை கருகியதால் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது இரண்டு கம்பி உள்ள ஒயர். ப்ளக்கில் மூன்று பின் இருந்தது, எர்த் பின்னுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. தரையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் அடுப்பிலிருந்த அலுமினியச் சட்டியை இறக்கப் போயிருக்கிறார்.

கரண்ட் உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் போனால் "சுர்"ரென்று தெரியும். 10-ஐத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகிவிடும். விட நினைத்தாலும் விட முடியாது. "கரண்ட் பிடிச்சு இழுத்துக்கிச்சு" என்று சொல்கிறோமே, உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது நம் கைதான். 30 அளவில் மூச்சுத் தசைகள் தடுமாறும். 100-ஐ ஒட்டிப் போனால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். அதற்குப் பெயர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். இதயம் அசைகிறது, ஆனால் ஒரு சொட்டு ரத்தமும் வெளியே போகாது. சில நிமிடங்களில் அந்த நடுக்கமும் அடங்கிவிடும். அதைத்தான் நான் மானிட்டரில் தட்டைக் கோடாகப் பார்த்தேன்.

காய்ந்த தோல் கரண்டை நன்றாகத் தடுக்கும். தோல் நனைந்தால் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை 1000 ஓம் ஆல் வகுங்கள். 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்தத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நேத்து "சுர்"ருனு மட்டும் அடிச்ச அதே அடுப்பு இன்னிக்கு ஆளைக் கொல்றது இப்படித்தான். அடுப்பு மாறல. தரை ஈரமாச்சு, அவ்வளவுதான்.

"எங்க வீட்டுல எம்சிபி இருக்கே மேடம், ட்ரிப் ஆகிடாதா?"

ஆகாது. எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் கவலைப்படும். நம்மைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். உங்கள் வழியாக அவ்வளவு போவதை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. எலக்ட்ரீஷியன்கள் பழைய பழக்கத்தில் ஈஎல்சிபி என்பார்கள். அதன் வேலை எளிது: வீட்டுக்குள் போன கரண்ட் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே "யாரோ ஒருத்தர் வழியா மண்ணுக்குப் போகுது" என்று கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் துண்டித்துவிடும். அதன் மேல் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். கரண்ட் போனால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். போகவில்லை என்றால் மாற்றுங்கள்.

அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு அதை பைபாஸ் பண்ணச் சொல்ற வீடுகள் இருக்கு. நாய் ராத்திரி முழுக்கக் குரைக்குதுன்னு நாயை வித்துடற மாதிரிதான் அது. எதைப் பார்த்துக் குரைக்குதுன்னு தேடுங்க.

மறுநாள் டியூட்டி முடிஞ்சு நேரா பஸ் ஏறி ஊருக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன்.

அவர் ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் மாட்டி வைத்திருந்தார். ஒன்றை ஃபேஸிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் ஸ்க்ரூவில் ஒயரே இல்லை. வீடு கட்டி இருபது வருஷம். இருபது வருஷமா அந்த மூன்றாவது ஓட்டை சும்மா அலங்காரத்துக்கு இருந்திருக்கிறது.

அடுப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"அது ஆட்டாங்கல்லுக் குழவிய நகத்தும்போது பட்டுச்சு. சமைக்கத்தான் செய்யுதேன்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா.

அந்த விரிசல் வழியாகப் பொங்கிய பாலும் சாம்பாரும் உள்ளே இறங்கி, காயில் பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணாடி என்பது இண்டக்‌ஷனில் வெறும் மேல்தட்டு அல்ல. கரண்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே சுவர் அது. விரிசல் விழுந்தால் அந்த நிமிஷத்தோடு அடுப்பின் வேலை முடிந்தது. டேப் ஒட்டக்கூடாது, எம்சீல் வைக்கக்கூடாது. கண்ணாடியை மாற்ற வேண்டும், இல்லை அடுப்பை மாற்ற வேண்டும்.

நான் அந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கிட்டு நின்னேன். அம்மா எனக்கு டிஃபன் எடுத்து வெச்சிட்டிருந்தாங்க.

சரி. நீங்க என்ன பண்ணணும்? வரிசையா சொல்றேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

1. "சுர்"ருனு ஒரே ஒரு தடவை அடிச்சாலும் அடுப்பை நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. சில இண்டக்‌ஷன் அடுப்புகள்ல மிகச் சின்ன கசிவு இருக்கும், அது மட்டும் ஆளைக் கொல்லாதுங்கிறது உண்மைதான். ஆனா அந்தச் சின்ன "சுர்"ரையும், பெரிய ஆபத்தோட முதல் நாளையும் விரலை வெச்சுப் பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது.

2. 16 ஆம்பியர் பவர் ப்ளக்கில் மட்டும் சொருகுங்கள். போர்டிலிருந்து நேராக, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் வரும் தனி லைனாக இருந்தால் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். ஒரே பாயிண்டில் அடுப்பும் கெட்டிலும் வேண்டவே வேண்டாம்.

3. எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் லூப் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் அடுப்பின் மொத்த உடம்பிலும் கரண்ட் வந்துவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் அப்படித்தான். இப்போது குழாயெல்லாம் பிளாஸ்டிக்; அது மண்ணுக்குப் போகாது.

4. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. வாடகை வீடாக இருந்தாலும் ஓனரிடம் கேளுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. சமைத்து முடித்ததும் மெயின் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள். முதலில் அடுப்பின் பட்டனில் ஆஃப். உள்ளே ஃபேன் ஓடி நின்ற பிறகு சுவர் சுவிட்ச். இல்லாவிட்டால் உள்ளே சூடு தங்கி போர்டு சீக்கிரம் கெடும்.

6. துடைப்பது ப்ளக்கைக் கழற்றிய பிறகுதான். நன்றாகப் பிழிந்த துணி போதும். குழாயடியில் வைத்துக் கழுவியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

7. அடியில் காற்று போகும் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர விடாதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கீழே பேப்பரோ துணியோ விரிக்காதீர்கள். கதகதப்புக்காகக் கரப்பான்பூச்சி உள்ளே குடியேறும். போர்டில் ஷார்ட் ஆவதற்கு அதுவே போதும்.

8. இண்டக்‌ஷனில் தீ தெரியாது, ஆனால் பாத்திரத்தின் சூடு கண்ணாடிக்கு இறங்கியிருக்கும். பாத்திரத்தை எடுத்தபிறகும் சுடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அடுப்பைத் தரையில் வைக்காதீர்கள், ஒயரைத் தொங்க விடாதீர்கள். ஒயரைப் பிடித்து இழுத்துக் கொதிக்கும் குழம்பைத் தலையில் கொட்டிக்கொண்ட பிள்ளைகள் எங்கள் வார்டுக்கு வந்திருக்கிறார்கள்.

9. வெறும் கடாயையும் எண்ணெயையும் அதிக சூட்டில் வைத்துவிட்டு நகராதீர்கள். இண்டக்‌ஷனில் சூடு நினைப்பதைவிட வேகமாக ஏறும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. சுவிட்சை அணைத்து, தட்டு போட்டு மூடுங்கள்.

10. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து ரெண்டடி தள்ளி நில்லுங்கள். உங்கள் கார்டியாலஜிஸ்ட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் மீறியும் ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிட்டா?

இந்தப் பகுதியைத் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க.

முதலில் ஆளைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். அந்த அம்மாவின் கணவர் முதலில் அவரைத்தான் பிடித்து இழுத்திருக்கிறார்; தூக்கி எறியப்பட்டு விழுந்திருக்கிறார். பிறகு மெயின் பெட்டியைத் தேடினால், அதற்கு முன்னால் அரிசி மூட்டை. உங்கள் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விடுங்கள்.

அடுத்து, பேச்சு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் அந்த நொடியே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். மார்பின் நடுவே, இரு கையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கை மடங்காமல், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ்காரர் வந்து கையைத் தட்டி விடும் வரை நிறுத்தக்கூடாது.

இதயம் நின்ற ஒருவருக்கு சிபிஆர் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அந்த அம்மாவைச் சுற்றி நல்ல மனசுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். எங்களிடம் வந்து சேர இருபது நிமிஷத்துக்கு மேல். அதுவரை ஒருத்தரும் நெஞ்சைத் தொடவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நானும்தான் சொல்லித் தரவில்லை. இந்த த்ரெட்டை எழுத அதுவும் ஒரு காரணம்.

ஷாக் அடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அரசு மருத்துவமனையில் ஈசிஜி இலவசம். மயக்கம் வரவில்லை, காயம் இல்லை, ஈசிஜியும் நார்மல் என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மயக்கம் போட்டிருந்தால், நெஞ்சு படபடத்தால், கர்ப்பிணியாக இருந்தால் கட்டாயம் வர வேண்டும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உடனே வாருங்கள். வெளியே மிளகளவு காயம் இருக்கும், உள்ளே தசை வெந்து அதன் கழிவு கிட்னியை அடைத்துக்கொண்டிருக்கும்.

சூடு பட்ட காயம் என்றால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு, முட்டை எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள்.

கடைசியா ஒண்ணு.

எலக்ட்ரீஷியன் அண்ணன் எர்த் இழுத்து, ஆர்சிசிபி மாட்டி முடிச்சதும் அம்மாகிட்ட ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு சமைக்கச் சொன்னேன்.

"அடுப்படியில செருப்பா? போடி இவளே."

அந்த விஷயத்தில் அம்மாவை ஜெயிக்க முடியாது. உங்க அம்மாவையும் முடியாதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. முடிவில் பரண்மேல் கிடந்த பழைய மணையை இறக்கித் துடைத்து அடுப்புக்கு முன்னால் போட்டோம். இப்போது அதன்மேல் ஏறி நின்றுதான் சமைக்கிறார். "கல்யாணப் பொண்ணாட்டம் மணையில ஏத்தி விட்டுட்டா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாராம். மணை எர்த்துக்கோ ஆர்சிசிபிக்கோ மாற்று கிடையாது. காய்ந்த மரம், ஈரத்தரைக்கும் வெறுங்காலுக்கும் நடுவில் இன்னொரு தடை, அவ்வளவுதான். அது காய்ந்தே இருக்க வேண்டும்.

அந்தக் கணவர் சொன்ன ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருந்தது. நான் அம்மாகிட்ட அப்படி ஒரு கிழமைகூடச் சொல்லல. எங்களுக்குள்ள வித்தியாசம் எனக்கு அதிர்ஷ்டம் இருந்ததுங்கிறது மட்டும்தான்.

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்ணுவீங்கல்ல? "சாப்ட்டீங்களா"வுக்கு அப்புறம் இதையும் கேளுங்க: "அடுப்பு எங்கயாச்சும் சுர்ருங்குதா?"

ஆமான்னு சொன்னா, ஃபோனை வெக்காதீங்க. ப்ளக்கைக் கழட்டற வரைக்கும் லைன்லயே இருங்க.